யதார்த்தமான சேவல்

...யதார்த்தமாம் கண்ணு, யதார்த்தம்! இருவத்தொன்பது வருசமா ஒருத்தி தொண்டை கிழியக் கூவியிருக்கறா. அவளைக் கூப்புட்டு, "நீங்க கூவறது யதார்த்தமா இல்லீங்கம்மா"ன்னா எப்படி இருக்கும்? நீயே சொல்லு. உன்னை ஒருத்தரு அப்படிச் சொன்னா கம்முனு இருப்பியா?

அய்ய, காலைச் சித்த அந்தப் பக்கம் வெச்சுக்கோ. கூடையில படுது. பயப்படாத, சேவல்தான். காலு ரெண்டையும் கட்டியிருக்குது. ஒயர் கூடையில இருந்து எங்க போயிடப் போவுது? மேல துண்டு வேற மூடியிருக்கறேன். கத்தவும் கத்தாது. அது ஒரு கதை, அப்புறம் சொல்றேன். காரிமங்கலம் சந்தையில காலையிலருந்து அலைஞ்சு புடிச்சிட்டு வர்றேன் இதை. நீ எங்க எறங்கணும்? பாலக்கோடா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கும் அந்தாண்ட, மாரண்டஹள்ளி. அங்கருந்து ரெண்டு மைலு நடக்கணும் எங்கூருக்கு. பாலக்கோடு வரைக்கும் பேசிட்டே போலாம்.

என்னா, புஸ்தகத்தை எடுத்துட்ட? படி, படி. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கும் ஓயாம பேசறவங்களைக் கண்டா புடிக்காது.

...

அதுல எங்கனாச்சும் யதார்த்தம்னு போட்டிருக்குதா கண்ணு? பாத்துச் சொல்லு. படிச்சவ நீ. எங்கூர்ல அந்த வார்த்தைக்கு இவ்ளோ நாளா இருந்த அர்த்தம் வேற. மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொன்னா, "யதார்த்தமா சொல்லிட்டேன், கோவிச்சுக்காத"ம்போம். அவ்ளோதான் அதுக்கு வேலை. இப்ப அது நாடகத்துக்கு வந்துட்டுது. எல்லாம் எங்கூரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு பண்ண வேலை. செபாஸ்டின் சாரு. போன மே மாசம் லீவுல பத்து நாளு எங்கயோ நாடகப் பயிற்சின்னு போனாரு. போவும்போது மீசை மட்டும்தான் இருந்துச்சு. வரும்போது தாடி, ஜிப்பா, தோள்ல ஒரு ஜோல்னாப் பை. அந்தப் பைக்குள்ள வேற ஒண்ணும் இல்ல, இந்த ஒத்தை வார்த்தைதான்.

எங்கூர்ல வருசா வருசம் பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கா நாடகம் போடுவோம். ஆண்டவரு பாடுபட்டு செத்த கதை. சுத்துப்பட்டு பன்னெண்டு ஊர்ல இருந்து வண்டி கட்டிட்டு வந்து பாப்பாங்க. இந்த வருசம் சாருதான் நடத்தறாரு. மொத நாளே எல்லாரையும் கோயிலுக்கு முன்னால ஒக்கார வெச்சு, "இனிமே நம்ம பாணி யதார்த்த பாணி. வாழ்க்கையில ஒருத்தன் எப்படிப் பேசுவானோ, நடப்பானோ, அப்படியே மேடையிலயும் இருக்கணும்"னாரு. சரி, நல்லதுதானன்னு கேட்டுட்டு இருந்தோம்.

மறுநாளு மொத வேலையா அரமனை படுதாவைக் கழட்டிட்டாரு. எப்பேர்ப்பட்ட படுதா! தூணு, மயிலு, நீரூத்து, எல்லாம் போட்டிருக்கும். அதைச் சுருட்டி வெச்சிட்டு கறுப்புத் துணி கட்டிட்டாரு. ஏரோது அரமனை எங்க சார்னு கேட்டா, மனசுல நெனைச்சுக்கணுமாம்! ஏங்கண்ணு, நெசத்தை நெசமாக் காட்டறதுதான யதார்த்தம்? அரமனையை மட்டும் ஏன் மனசுல நெனைக்கணும்? அதையும் கேட்டேன். அது வேற பாணிங்கம்மான்னுட்டாரு.

அப்புறம் யூதாசு. எங்கூரு யூதாசு யாரு தெரியுமா? மாதேஸ்வரன் அண்ணன். அவுரு இந்து. எங்காளுங்க ஒருத்தரும் யூதாசா நிக்க மாட்டேன்னுட்டாங்க, ஆண்டவரைக் காட்டிக் குடுக்கற பாவம் நமக்கெதுக்குன்னு. இவுரு, "எனக்கென்னப்பா, எங்க மாரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்"னு வந்து நின்னாரு. பதினாலு வருசமா நிக்கறாரு. அவுரு ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாரு! கைப்புள்ளைங்க பால் குடிக்கறதை விட்டுட்டு மேடையப் பாக்கும். அந்தச் சிரிப்பு வேண்டாம்னுட்டாரு சாரு. நெசத்துல கெட்டவன் சிரிக்க மாட்டானாம். மெதுவா, பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசணுமாம். அப்ப கடைசியில ஒக்காந்தவங்க? யூதாசு எப்ப காட்டிக் குடுத்தான்னே தெரியாம சிலுவை வரைக்கும் ஒக்காந்திருக்கணுமா? மாதேஸ்வரன் அண்ணன் பாவம், வூட்டுக்குப் போற வழியில புளியமரத்துக்கிட்ட நின்னு ஒரு தாட்டி சத்தமா சிரிச்சிட்டுப் போறாரு. இல்லாட்டி நெஞ்சை அடைக்குதுங்கறாரு.

ஊரு பூரா இந்த வார்த்தை பரவிட்டுது. டீக்கடையில தண்ணியா இருக்குதேன்னு கேட்டா, "யதார்த்தமான டீ"ங்கறான். முடி வெட்டறவரு காதோரம் ஏத்தமும் எறக்கமுமா வெட்டிட்டு, "வாழ்க்கையில ரெண்டு காதும் ஒண்ணாவா இருக்குது?"ங்கறாரு. எம் மருமவ கொழம்புல உப்பு போட மறந்துட்டு, "இதான் அத்தை யதார்த்தமான ருசி"ங்கறா. நான் விடுவனா? அப்ப உன்னைப் பத்தி உங்கம்மாகிட்ட யதார்த்தமா நாலு வார்த்தை சொல்லட்டுமான்னேன். ஓடிப் போயி உப்பு எடுத்துட்டு வந்தா.

சிரிக்கற பாத்தியா. சிரிச்சா நல்லாத்தான் இருக்கற. அதை மூடி வை, அந்தப் புஸ்தகம் எங்கயும் போயிடாது.

ஆங், எங்க வுட்டேன்? கூவறது. நான் என்னா கூவறேன்னு நீ இன்னும் கேக்கவே இல்லையே! உனக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாதோ. ஆண்டவரைப் புடிச்சிட்டுப் போனப்புறம் அவுரு சீடரு ராயப்பரு வெளிய நெருப்புக்கிட்ட குளிர் காய்ஞ்சிட்டு இருப்பாரு. ஒருத்தி வந்து, "நீயும் அந்தாளு கூட இருந்தவன் தான?"ம்பா. இவுரு பயந்துக்கிட்டு, எனக்குத் தெரியாதும்பாரு. மூணு தாட்டி கேப்பாங்க. மூணு தாட்டியும் தெரியாதும்பாரு. ஒடனே சேவல் கூவும். ஆண்டவரு முன்னாலயே சொல்லி வெச்சிருந்தாரு, சேவல் கூவறதுக்குள்ள என்னைத் தெரியாதுன்னு மூணு தாட்டி சொல்லுவன்னு. அது ஞாபகம் வந்து ராயப்பரு கதறி அழுவாரு.

அந்த ராயப்பரு எங்கூட்டுக்காரரு. பேரைச் சொல்ல மாட்டேன், இன்னாசியாரு பேருதான், பின்னால ராஜ் சேத்துக்கோ. அந்தச் சேவலு நானு. என் பேரு ராயம்மாள். ராயப்பரு பேரைத்தான் எனக்கு வெச்சிருக்குது. பேரு எனக்கு, வேசம் அவருக்கு. அப்பல்லாம் மாதா வேசமே மீசையை எடுத்துட்டு ஆம்பளைதான் கட்டுவாங்க. பொம்பளைங்க மேடைப் பக்கம் போவக் கூடாது. நான் படுதாவுக்குப் பின்னால வறக்காப்பி குடுக்கப் போனவ. அருள்சாமி மாமான்னு ஒருத்தருதான் அப்ப சேவல். அன்னிக்கின்னு அவருக்குச் சளி. எங்கூட்டுக்காரரு மூணாவது தாட்டி "அறியேன்! அறியேன்! அறியேன்!"னு கத்திட்டு மானத்தைப் பாத்து நிக்கறாரு. மாமா கூவறாரு, நாய் குரைக்கற மாதிரி வருது. சனங்க சிரிச்சிட்டாங்க. ராயப்பரு எதுக்கு அழுவாரு, நாய் குரைச்சதுக்கா? எனக்கு அவமானமாப் போச்சு. காப்பித் தூக்கைக் கீழ வெச்சேன். ரெண்டு கையையும் வாய்க்கிட்ட குவிச்சேன். கூவிட்டேன்.

சனம் அப்படியே அடங்கிட்டுது. பக்கத்து வூட்டுப் பெரியவரு விடிஞ்சிட்டுதுன்னு எழுந்து மாட்டை ஏருல பூட்டிட்டாரு கண்ணு! நெசமா. வேதத்துல சேவல் எத்தனை தாட்டி கூவுச்சோ, எங்கூர்ல அன்னியிலருந்து மூணு. சனங்க கேக்கறாங்க, நான் கூவறேன்.

கூவினதும் எங்கூட்டுக்காரரு அழுவாரு பாரு... முட்டி போட்டு, துண்டை மூஞ்சியில வெச்சு... கல்லு மனசுக்காரனும் மூக்கைச் சீந்துவான். எல்லாரும் ராயப்பரு ஆண்டவருக்காக அழுவறாருன்னு நெனைப்பாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த அழுகை ஒரு ஆட்டுக்குன்னு.

ஆமா, ஆடுதான். கறுப்பு ஆடு. கண்ணாலம் ஆயி ஒரு வருசம்கூட ஆவல. எம் மாமியா அந்தோணியாருக்கு நேர்ந்து விட்டிருந்த ஆடு. இவருக்குக் கையில வாட்சு கட்டணும்னு ஆசை. "ராயா, அம்மா வயலுக்குப் போயிருக்கறப்ப ஆட்டை அவுத்து யாவாரிகிட்ட குடுத்துடு, நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்"னாரு. புதுப் பொண்டாட்டி, புருசன் சொன்னா செய்ய வேண்டியதுதான? குடுத்துட்டேன். சாயங்காலம் மாமியா வந்து ஆடு எங்கடான்னு கேட்டா. இவுரு, "எனக்குத் தெரியாதும்மா"ன்னாரு. மறுநாளு கெணத்துமேட்டுல பத்து பேரு முன்னால கேட்டா. "எனக்குத் தெரியாதும்மா." ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாமியாரு முன்னாலயே கேட்டா. "எனக்குத் தெரியாது சாமி." மூணு தாட்டி! எண்ணி வெச்சிருக்கறேன். பழி பூரா எந் தலையில. அந்தோணியாரு ஆட்டைத் தின்னவன்னு மூணு மாசம் என்னைத் தண்ணி எடுக்கக்கூட யாரும் முன்னால வுடல. இவுரு வாட்சைச் சட்டைக்கைக்குள்ள மறைச்சிக்கிட்டு மணி பாத்துட்டுத் திரிஞ்சாரு.

மாமியா போயிட்டா. வாட்சும் ஓடாமப் போச்சு. இவுரு மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை, வாயைத் தொறந்து சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. எதுக்குக் கேக்கணும்? வருசத்துக்கு ஒரு நாளு நான் கூவினா அவுரு அழுவறாரு. ஊரு பூரா பாக்க அழுவறாரு. அது போதும்னு இருந்தேன். மீதி நாளெல்லாம் அவுரு பேசினா பேசட்டும், வருசக் கடைசியில சேவலு நம்ம கையிலதான்னு ஒரு தெம்பு.

அதுலதான் கண்ணு கையை வெச்சிட்டாரு சாரு.

ஆனா ஒண்ணு சொல்லணும். சாரை முழுசாத் திட்டவும் மனசு வரல. ஒத்திகையில அவுரு ராயப்பரு வசனத்தை மாத்துனாரு. "இந்த அறியேன், புரியேன் எல்லாம் வேண்டாங்க. நெசமா பயந்துபோன ஆளு எப்படிச் சொல்லுவான்? எனக்குத் தெரியாதும்பான். தலையைக் குனிஞ்சு, சாதாரணமா சொல்லுங்க"ன்னாரு. எங்கூட்டுக்காரரு தலையைக் குனிஞ்சாரு. சாதாரணமா சொன்னாரு. "எனக்குத் தெரியாது."

அதே கொரலு. கெணத்துமேட்டுல கேட்ட அதே கொரலு! அப்பத்தான் எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னமோ கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஓகோ, இதுக்குப் பேருதான் யதார்த்தமான்னு. முப்பது வருசம் கழிச்சு ஆடு திரும்பி வந்து எதுக்கால நின்ன மாதிரி.

அப்படிச் சொல்லிட்டு, ஒடனே மூஞ்சியில துண்டை வெச்சாரா, அழுதாரா, அன்னிக்கு வூட்டுக்கு வந்து அந்தத் துண்டைத் தொவைக்கப் போட்டாரு. நான் ஒதறினேன். உள்ளருந்து என்னா வுழுந்துச்சு தெரியுமா? வெங்காயம்! நசுக்கின வெங்காயம். ஓரத்துல முடிஞ்சு வெச்சிருக்கறாரு. இந்தத் துண்டுதான் கண்ணு, இதா, சேவல் மேல மூடியிருக்கறனே, இதேதான். மோந்து பாரு, இன்னும் வாசனை போவல. வேண்டாமா? சரி.

அப்ப இத்தினி வருசமும் என்னை ஏமாத்தி வெங்காயத்துலயே அழுதிருக்கறாரா? ஆட்டுக்கு அழுதாருன்னு நான் நெனைச்சிட்டு இருந்தனே!

அந்த விசயத்தை எவளோ ஒருத்தி, எவளோ நாக்கு நீண்டவ ஒருத்தி, மறுநாளு நேரா சாருகிட்ட போயி ஒப்பிச்சிட்டா. "சார், அந்த அழுகை யதார்த்தம் இல்ல சார், வெங்காயம் சார்"னு. சாரு தாடியைத் தடவிட்டு யோசிச்சாரு. வெங்காயம் கூடாதுன்னுட்டாரு. அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல. "ஒரு பொய்யி உள்ள வந்தா எல்லாமே பொய்யாயிடும். அழுகை நெசமா இருக்கணும்னா சேவலும் நெசமா இருக்கணும். இந்த வருசம் மேடையில உசுரோட ஒரு சேவலைக் கொண்டாந்து விடுவோம்"னாரு.

ஏன் சார், நான் கூவறதுல என்னா கொறைன்னேன். அப்பத்தான் அவுரு சொன்னாரு அந்த வார்த்தையை. "நீங்க கூவறது ரொம்ப நல்லா இருக்குதுங்கம்மா. நல்லா இருக்கறதுதான் தப்பு. நெசச் சேவலு இவ்ளோ அழகா கூவாது." எப்படி? மோசமா கூவினா நாய்ங்கறாங்க. நல்லா கூவினா யதார்த்தம் இல்லைங்கறாங்க. அப்ப நான் எந்த அளவுக்குத்தான் கூவறது?

அதுக்கு மேல ஒண்ணு கேளு. "உங்களைவிடச் சேவலைப் பத்தித் தெரிஞ்சவங்க ஊர்ல யாரு இருக்கறாங்க? நல்லாக் கூவற சேவலா நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துடுங்க"ன்னு என்கிட்டயே சொல்லிட்டாரு! என் எடத்துல நிக்கறவனை நானே போயி அழைச்சிட்டு வரணும்.

சரிங்க சார்னேன். தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். வந்து ஒரு வாரம் ராவெல்லாம் யோசிச்சு, இன்னிக்குக் காலையில மொத பஸ்சைப் புடிச்சு சந்தைக்கு வந்துட்டேன்.

சந்தையில மாதையன்னு ஒருத்தரு, கோழி யாவாரி. எத்தனையோ வருசமாத் தெரியும். அவருகிட்ட போயி, "அண்ணா, எனக்குக் கூவாத சேவல் வேணும்"னேன். மனுசன் என்னை மேலயும் கீழயும் பாக்கறாரு. "கூவாத சேவலா? கொழம்புக்கா?"ங்கறாரு. இல்ல, நாடகத்துக்குன்னேன். நாடகத்துல கூவறதுக்கான்னாரு. இல்ல, கூவாம இருக்கறதுக்குன்னேன். பக்கத்துல முட்டை விக்கற அம்மா வாயில முந்தானையை வெச்சிக்கிட்டு சிரிக்குது. கடைசியில ஒரு மூலையிலருந்து இதை எடுத்தாரு. பாரு எப்படி இருக்குதுன்னு, கொண்டை செவசெவன்னு, வாலு வில்லு மாதிரி. இது இருந்த வூட்டுல இதைவிடப் பெரிய சேவல் ஒண்ணு இருந்துச்சாம். இது வாயைத் தொறந்தாப் போதும், அது ஓடியாந்து கொத்துமாம். கொத்து வாங்கி வாங்கி இது கூவறதையே வுட்டுட்டுதாம். "ஒரு வருசமா ஒரு சத்தம் இல்லம்மா, எழுதித் தர்றேன்"னாரு. அடிச்சுது பாரு யோகம்னு வாங்கிட்டேன்.

புரியுதா எந் திட்டம்? பெரிய வெள்ளிக்கிழமை இதை மேடையில விடுவாங்க. ராயப்பரு மூணு தாட்டி தெரியாதும்பாரு. எல்லாரும் சேவலைப் பாப்பாங்க. சேவலு எல்லாரையும் பாக்கும். சாரு படுதாவுக்குப் பின்னால நின்னு கையைப் பிசைவாரு. சேவலு ஒரு நெல்லைப் பொறுக்கும். அதான யதார்த்தம்! வாழ்க்கையில சேவலு நாம சொல்றப்பவா கூவுது? அப்ப சாரு எம் பக்கம் திரும்பி, "அம்மா... ராயம்மா... கொஞ்சம்..."ம்பாரு. நான் ஒடனே கூவிட மாட்டேன். ரெண்டு நிமிசம் தொண்டையைச் சரி பண்ணுவேன்.

என்னா அப்படிப் பாக்கற? ஒரு கூவலுக்கா இவ்ளோவுன்னா? ஒரு வாரத்துக்கு முன்னால கேட்டிருந்தா வீம்புக்குன்னு சொல்லியிருப்பேன். இப்ப அது இல்ல.

முந்தாநாளு எங்கூட்டுக்காரரு தக்காளி பொறுக்கிட்டு இருந்தாரு, கூடைக்குள்ள பழுத்தது ஒரு பக்கம், காயி ஒரு பக்கமா. எனக்கு வாய் சும்மா இருக்கல. "என்னாங்க, இந்த வருசம் வெங்காயம் இல்லாம எப்படி அழுவப் போறீங்க?"ன்னு குத்திக் காட்டினேன். அவுரு நிமிந்துகூடப் பாக்கல. தக்காளியைப் பொறுக்கிட்டே சொல்றாரு. "கண்ணு ஆப்ரேசன் பண்ணதுலருந்து தண்ணி வர்றதில்ல ராயா. உள்ள வருது, வெளிய வர்றதில்ல. நீ கூவி நான் அழுவாம நின்னா நீ என்னா நெனைப்ப? அதான் நாலு வருசமா வெங்காயம் வெச்சேன்."

நாலு வருசத்துக்கு முன்னாலதான் பாலக்கோட்டுல முகாம் போட்டு கண்ணு ஆப்ரேசன் பண்ணாங்க கண்ணு. பச்சைத் துணி கட்டிட்டு வந்தாரு. நாந்தான் மருந்து ஊத்தினேன். இது எனக்குத் தோணவே இல்ல பாரு.

அப்ப அதுக்கு முன்னால எதுக்குங்க அழுதீங்கன்னு கேட்டேன். கேட்டே இருக்க மாட்டேன், வாய்ல வந்துட்டுது. அவுரு ஒரு தக்காளியை எடுத்து, காயா பழமான்னு ரொம்ப நேரம் பாத்தாரு. "வேற எதுக்கு? அந்த ஆட்டுக்குத்தான்"னாரு.

...

என்னா சொல்ற அதுக்கு? எத்தினி வருசம்! அதை ஒரு தாட்டி வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் சேவலாவே ஆயிருக்க வேண்டியதில்ல. எனக்கு ஒண்ணும் பேச வரல. ஆமா, எனக்குத்தான். உள்ள போயி அடுப்புல தீயே இல்லாம ஊதிட்டு ஒக்காந்திருந்தேன்.

இப்ப நீ சொல்லு கண்ணு. வெங்காயம் வெச்சு வந்த தண்ணி பொய்யி. அழுகை நெசம். இந்தச் சேவலு நெசம். இது கூவினா அவருக்கு என்னா ஞாபகம் வரும், கொழம்புதான் வரும். இதுல எது யதார்த்தம்? இதை அந்தப் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களா அவருக்கு?

யாரு சாருகிட்ட போயி சொன்னதுன்னா கேக்கற? கேக்கலயா? நீ பாத்த பார்வை அப்படி இருந்துச்சு. எவளோ ஒருத்தின்னு சொன்னேன்ல... நாக்கு நீண்டவன்னு... நாந்தான் கண்ணு. வேற எவ? எங்கூட்டுத் துண்டை வேற எவ ஒதறப் போறா? துண்டும் கையுமா நேரா பள்ளிக்கூடத்துக்கே போயி நின்னேன். அந்த வார்த்தையைச் சாருகிட்ட வாங்கி சாருகிட்டயே திருப்பிக் குடுத்தேன். "யதார்த்தம் இல்ல சார்"னு. அது திரும்பி எந் தொண்டையையே புடிச்சிட்டுது. எங்கூட்டுக்காரருகிட்ட அதை இன்னும் சொல்லல. அவுரு யாரு சொன்னதுன்னு கேக்கவும் இல்ல. தெரிஞ்சிருக்கும்.

அதான் நான் கூவணும். இந்த வருசம் அவுரு அழுவட்டும், அழுவாம நிக்கட்டும், தண்ணி வரட்டும், வராமப் போவட்டும். நான் கூவணும்.

எப்படிக் கூவுவேன்னா? இங்கயா? பஸ்சுலயா? அய்ய, வேண்டாம் கண்ணு. நாலு பேரு இருக்கற எடம்... நீ கேக்கலன்னா பரவால்ல, நான் மெதுவா, யதார்த்தமா, பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி...

கொக்... கொக்கரக்கோஓஓஓ...!

ஒண்ணுமில்லீங் டிரைவரண்ணா! நீங்க ஓட்டுங்க! எதுக்கு இப்படிப் பிரேக் போடறீங்க? சேவல் ஒண்ணும் குறுக்க வர்ல, நாந்தான்! பின்னால ஒக்காந்திருக்கற கன்னடக்காரம்மா "ஏனம்மா இது?"ங்கறாங்க. நாடகம்மா, நாடகம்! பாத்தியா கண்ணு, எப்படி இருந்துச்சு? ஒரு பஸ்சே நின்னுபோச்சு. இதைப் போயி...

...

யாரு அது? யாரு இப்ப கூவினது?

நான் இல்ல. நீயா? இல்ல, உன் வாய் மூடித்தான இருக்குது.

அடப்பாவி! கூடைக்குள்ளருந்து! துண்டை எடு, துண்டை எடு... ஒரு வருசமா சத்தம் இல்லன்னு எழுதித் தர்றேன்னானே அந்த மாதையன்! ஏண்டா, உன்னைக் கொத்தற சேவலு இங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சா? நான் கூவினா நீ எதிர்ப்பாட்டு பாடறயா? கெடுத்தியே! எந் திட்டத்தையே கெடுத்தியே! சிரிக்காத கண்ணு. எல்லாரும் சிரிக்கறாங்க, நீயுமா?

கண்ணு, உங்கூட்டுல கோழி வளக்கறீங்களா? இதை வேணா எடுத்துட்டுப் போறயா? நான் சாருகிட்ட சந்தையில கெடைக்கலன்னு... எங்க எழுந்துட்ட? பாலக்கோடு இன்னும் வர்லயே! ரெண்டு ஸ்டாப்பு இருக்குதே! இங்க எறங்கினா நடக்கணும் கண்ணு... இந்தா, புஸ்தகத்தை வுட்டுட்டுப் போறயே! ஜன்னலுக்கிட்ட வா, புடி! புடிச்சிட்டயா? பெரிய வெள்ளிக்கிழமை வந்துடு! கோயிலுக்கு முன்னாலதான், யாரைக் கேட்டாலும்...

போயிட்டா.

நல்ல பொண்ணு. பேசவே மாட்டேங்குது.

...

என்னாடா பாக்கற? கொண்டையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்கற. பண்றதையும் பண்ணிட்டு.

இரு. இன்னொரு தாட்டி பாக்கறேன். மெதுவா.

கொக்... கொக்கரக்கோ...

ஆங். கூவறான். நான் கூவினாக் கூவறான். நான் கம்முனு இருந்தா கம்முனு இருக்கறான். இவ்ளோ நேரம் நான் பேசிட்டு வந்தப்ப ஒரு சத்தம் போட்டயா நீ? இல்ல. அப்ப, நான் மொதல்ல கூவினாத்தான உனக்கு வாயே தொறக்கும்?

அட.

அப்ப நீ மேடையிலயே இரு ராசா. நல்லா நெல்லு பொறுக்கிட்டு, எல்லாரும் பாக்க நில்லு. நான் படுதாவுக்குப் பின்னாலருந்து மொதல்ல ஒண்ணு வுடறேன். நீ பின்னாலயே ஒண்ணு வுடு. சனங்க உன்னைத்தான் பாப்பாங்க. சாருக்கும் சந்தோசம், நெசச் சேவலு கூவிட்டுதுன்னு. எது உன் கொரலு, எது எங் கொரலுன்னு அந்த ஊர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்தாளு அங்க முட்டி போட்டு, கையில வெறுந்துண்டை வெச்சிக்கிட்டு நிப்பாரு. அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.

சாரு வந்து, "அம்மா, மொதல்ல கூவினது நீங்களா?"ன்னு கேப்பாரு. கேக்கட்டும்.

எனக்குத் தெரியாது சார்ம்பேன்.

மூணு தாட்டி கேட்டாலும் அதேதான்.